மினோகாவின் மூச்சு

இந்த அறையின் மின்விசிறி நன்றாகத்தான் ஓடுகிறது, மேடம். ஆனால் சுற்றும்போது அடியில் ஒரு முனகல் இருக்கிறது. சாதாரணமாக யாருக்கும் கேட்காது. உங்கள் ரெக்கார்டரில் மட்டும் அது என் பேச்சோடு கூடவே ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தால் நிறுத்திவிடுங்கள். வியர்த்தால் பரவாயில்லை, நான் அதற்குப் பழகியவள்.

நன்றி. இப்போது நன்றாக இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு வேலூர் என்று சொன்னீர்கள், தமிழிலேயே பேசலாம் என்றீர்கள். அது எனக்குப் பெரிய உதவி. பல வருடங்களாக ஹைதராபாத்தில் இருக்கிறேன். தெலுங்கு புரியும், கடைக்குப் போனால் பேசுவேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தமிழ்தான் வேண்டும்.

என் பெயர் ரஞ்சனா. சொந்த ஊர் திருச்சி. லோத்குண்டாவில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மூன்றாவது மாடி ஒலிப்பதிவுக் கூடத்தில் டப்பிங் இயக்குநராக இருக்கிறேன். ராணுவக்காரர்கள் துப்பாக்கிப் பயிற்சி செய்யும் நாட்களில் மட்டும் எங்களால் வேலை செய்ய முடியாது. மற்றபடி அமைதியான இடம். ஜப்பானில் செய்யும் அனிமே தொடர்கள் அங்கேதான் தெலுங்கும் இந்தியும் தமிழும் பேசக் கற்றுக்கொள்கின்றன. தமிழ் என் பொறுப்பு. வசனத்தை மொழிபெயர்ப்பேன், உதட்டசைவுக்குத் தகுந்தபடி வெட்டிச் சேர்ப்பேன், பேசுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்களைப் பேசவைப்பேன். நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நின்றவள்தான். சென்னையில் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். முப்பது தாண்டியதும் குரல் தடித்துப்போனது. யாரும் என்னைத் தவறாக எதுவும் சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் சௌம்யாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். மினோகாவைச் சொல்லாமல் சௌம்யாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறு உலகத்துக்குப் போகிற கதைகள் இப்போது நிறைய வருகின்றன. போன உடனே கையில் ஒரு வாள் வந்துவிடும், மந்திரம் வந்துவிடும், எதிரே வருகிறவர்கள் எல்லாம் விழுந்துவிடுவார்கள். மினோகாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. பதினைந்து வயதுப் பெண். மழை பெய்கிற ஒரு மாலையில் பள்ளிப் பேருந்தில் தூங்கிப்போகிறாள். விழித்தால் பனி மூடிய ஒரு நாடு. அங்கே மனிதர்களுக்கும் பெரிய மிருகங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போர். எல்லோரும் ஈட்டியோடு ஓடும்போது இவள் மட்டும் வெறுங்கையோடு மிருகத்தின் பக்கத்தில் போய் நிற்பாள். "பயப்படாதே. நான் எங்கேயும் போகமாட்டேன்" என்பாள். அவ்வளவுதான் அவளிடம் இருப்பது. தொடர் முழுவதும் ஒரு தடவைகூட அவள் குரலை உயர்த்துவதில்லை. யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இதைத் தமிழில் யார் பேசுவது? நிறையப் பெண்கள் வந்தார்கள். ஐடி வேலைக்காரர்களின் பிள்ளைகள், பாட்டு கற்றவர்கள், பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடித்தவர்கள். எல்லோரும் வார்த்தையில் தேனை ஊற்றினார்கள். மென்மை என்பது தேன் அல்ல, மேடம். தன்னிடம் இருப்பதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் எடுத்து நீட்டுவதுதான் மென்மை. அதை யாரும் நடித்துக் காட்ட முடியாது.

சௌம்யா குரல் தேர்வுக்கு வரவே இல்லை. பள்ளித் தோழி ஒருத்திக்குத் துணையாக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் அவளுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அக்கா, குடிக்க வாட்டர் இருக்கா?" என்றாள்.

கடைசி எழுத்துக்கு அவளிடம் மூச்சு மிச்சமில்லை. 'கா' என்பது காற்றில் கரைந்துபோனது. நான் நாற்காலியோடு திரும்பினேன்.

வசனத் தாளை நீட்டினேன். சிரித்தாள். "தமிழ் பேச வரும் அக்கா, படிக்க வராது. ஸ்கூல்ல தெலுங்குதான்." நான் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். "பயப்படாதே. நான் எங்கேயும் போகமாட்டேன்." சொல்லி முடித்ததும் ஸ்ரீகாந்த் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். ஸ்ரீகாந்த் எங்கள் சவுண்ட் என்ஜினீயர். எதற்கும் ஹெட்ஃபோனைக் கழற்றுகிறவன் இல்லை.

மறுநாள் அவள் அப்பா லட்சுமணன் வந்தார். அல்வாலில் வீடு. சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் வேலை. அவருடைய தாத்தா காலத்திலேயே ஆர்க்காட்டுப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். சௌம்யாவின் அம்மா அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டாள். எண்ணெய்க் கறை போகாத கையில் ஒரு நீல இன்ஹேலரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு விஷயம். பாப்பாவுக்கு வீசிங் இருக்கு, சின்னதுலேர்ந்தே. தூசி, பொகை ரெண்டும் ஆகாது. இந்த நீல பம்ப் எப்பவும் அவகூடவே இருக்கணும். உங்க ரூமுல தூசி கீசி இருக்காதே?"

"ஏசி ரூம் சார். என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

எனக்குப் பெண் இல்லை. ஆனால் நான் சொன்னது பொய் அல்ல.

அடுத்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். பள்ளி விட்டதும் வருவாள். பையில் மினோகாவின் சிறிய பொம்மை ஒன்று தொங்கும். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பேன். ழகரம் வரவில்லை, வரவைத்தேன். தொடர் வெளிவந்ததும் சேலத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாம் வீடியோவுக்குக் கீழே எழுதினார்கள், இது யார் குரல் என்று. ஒரு தாய், என் மகன் ஊசி போடும்போது அழுவதில்லை, மினோகாவைப் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். நான் அதைச் சௌம்யாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஹவ்?" என்றாள், நிஜமாகவா என்று. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பிறகு சொன்னாள், "ஆனா அக்கா, இந்த மினோகா ரொம்ப நல்லவ. அந்த தளபதி அவள எப்டி திட்றான். ஒருதரமாச்சும் இவ திருப்பிக் கேக்கணும் இல்ல? எனக்கே கோவமா வருது."

"கேட்டா அவ மினோகா இல்லடா" என்றேன்.

யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் லட்சுமணன் அவளை வேறு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு இன்ஹேலர் கொடுத்தார். நீலம் இழுக்கும்போது எடுப்பது. ஆரஞ்சு தினமும் காலை மாலை எடுக்க வேண்டியது, இழுப்பே வராமல் இருக்க. சில வாரங்களில் அவள் வேறு பெண்ணாகிவிட்டாள். படியில் ஓடி வருகிற சத்தம் கண்ணாடிக்குள் எனக்குக் கேட்டது. "அக்கா, மூணு மாடியும் நிக்காம ஏறிட்டேன். ஸ்கூல் கபடி டீம்ல எடுத்துட்டாங்க" என்றாள். கன்னம் சிவந்திருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். யார்தான் சந்தோஷப்படமாட்டார்கள்?

அன்றைக்கு மைக்கின் முன்னால் நின்று, "பயப்படாதே, நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றாள். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. முழுசாக, ஆரோக்கியமாக. அதைக் கேட்டால் எந்த மிருகமும் பயந்து ஓடும். மறுபடி எடுத்தோம். மறுபடியும் எடுத்தோம். மெதுவாகப் பேசச் சொன்னேன், மெதுவாகப் பேசினாள். அது சத்தத்தைக் குறைத்த குரல். மென்மையான குரல் அல்ல.

அடுத்த வாரம் பிரசன்னா கூப்பிட்டார். தொடரை வாங்கி வெளியிடுகிற கம்பெனியில் தமிழைக் கவனிப்பவர். "ரஞ்சனா, மினோகா திடீர்னு ஸ்கூல் லீடர் மாதிரி பேசறாளே. கமென்ட்ஸ் பாத்தீங்களா? வேணும்னா மிச்ச எபிசோடுக்கு வேற பொண்ணைப் போட்டுடலாம்."

கொஞ்சம் அவகாசம் கேட்டேன். கூப்பிடுவதை நிறுத்திக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது சௌம்யாவுக்கு நடக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். நான் செய்ததற்கெல்லாம் இதுதான் ஆரம்பம். இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் ஸ்ரீகாந்த் ஹாலில் சாம்பிராணி போடுவான். ஒரு வெள்ளிக்கிழமை பதிவறைக் கதவு சரியாக மூடவில்லை, புகை உள்ளே போய்விட்டது. சௌம்யா இருமினாள். இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசினாள். பழைய குரல். வார்த்தையின் முனை மறுபடி கரைந்தது. நான் எதையும் திட்டமிடவில்லை, மேடம். கவனித்தேன். கவனிப்பதுதான் என் வேலை.

அதன்பிறகு அவள் வருவதற்கு முன்னால், பதிவறையில் மேசைக்கு அடியில், ஒரு சாம்பிராணிக் கப்பை ஏற்றி வைப்பேன். ஏசியை நிறுத்திவைப்பேன். அவள் படியேறும் சத்தம் கேட்டதும் கப்பை எடுத்துவிடுவேன். வாசனை மட்டும் நிற்கும்.

"டெய்லி பூஜையா அக்கா?" என்று கேட்டாள்.

"மினோகாவுக்கு நல்லது நடக்கணும்னுதான்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

ஆனால் ஆரஞ்சு இன்ஹேலர் நல்ல மருந்து. வெறும் புகை அதோடு போட்டியிட முடியவில்லை. அதனால் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், அந்த மருந்து தொண்டையில் படியும், குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று. கொஞ்சம் உண்மையும் அதில் உண்டு. வாயைக் கொப்பளிக்காவிட்டால் தொண்டை கட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தாராம்.

"டாடி கேப்பாரு அக்கா."

"டாடிகிட்ட சொல்லவேணாம்டா, வீணா பயப்படுவாரு. தொடர் முடியற வரைக்கும்தானே?"

"நீல பம்ப் இருக்கில்ல, சரி" என்றாள். அன்றோடு நிறுத்திவிட்டாள். அப்பா எதிரே ஆரஞ்சை வாயில் வைத்து அழுத்தாமல் எடுத்துவிடுவாளாம். அதை என்னிடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள். சில நாட்களில் கபடியில் ஓட முடியவில்லை. "கோச் என்னை சப்ஸ்டிட்யூட்ல ஒக்கார வெச்சுட்டாங்க" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று எடுத்த காட்சியில் மினோகா, அடிபட்ட ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டுவாள். பிரசன்னா ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினார், 'அற்புதம்' என்று.

எனக்கு உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்கள். வீட்டுக்குப் போகும்போது அவளை ஆட்டோவில் நானே கூட்டிப்போய் விடுவேன். இஞ்சி போட்ட கஷாயம் ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவேன். தீபாவளிக்குப் பாவாடை எடுத்துக்கொடுத்தேன். லட்சுமணன் கண்கலங்கி, "நீங்க இல்லேன்னா என் பாப்பாவுக்கு இதெல்லாம் ஏது மேடம்" என்றார். உறுத்த என்ன இருக்கிறது?

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம் இருந்தது. இழுக்க ஆரம்பித்ததும் நீல இன்ஹேலரை எடுத்துவிடுவாள். ஒரு அழுத்து, சில நிமிடத்தில் குரல் தெளிந்துவிடும். கையில் கிடைத்த குரல் கண்ணெதிரே கரைந்து போகும். அதனால் ஒரு விதி வைத்தேன். பதிவறைக்குள் பையோ, பாக்கெட்டில் பொருளோ கூடாது, மைக்கில் சத்தம் வரும். எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிற விதிதான். நீலம் வெளியே என் மேசைமேல் இருக்கும். வரி சரியாக வந்ததும் கொடுப்பேன். அவளும் அதற்குப் பழகிக்கொண்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள். நான் விரலை உயர்த்தினால் இன்னொரு தடவை. தலையாட்டினால் வெளியே வரலாம்.

ஒருமுறை நான் விரலை உயர்த்தியிருந்தபோது ஸ்ரீகாந்த் எழுந்து, மேசையிலிருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். அவள் உதடு நிறம் மாறியிருந்தது என்றான். திரும்பி வந்து, "மேடம், இது வேண்டாம். பாப்பாவுக்கு முடியல, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டான்.

"அவ ஆர்ட்டிஸ்ட், ஸ்ரீகாந்த். அவ வேணாம்னு சொன்னாளா?"

"சொல்ல மாட்டா மேடம். நீங்க கேட்டா அவ எதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டா."

நல்ல பையன். ஆனால் அவன் காது கருவிகளைக் கேட்கிற காது. அன்றுதான் நினைத்துக்கொண்டேன், கடைசி அத்தியாயத்துக்கு அவன் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று.

கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். காடு எரிகிறது. மிருகங்களிலேயே பெரியது மனிதர்களின் ஊரை நோக்கி இறங்குகிறது. மினோகா புகைக்குள் நடந்துபோய் அதன் எதிரே நிற்கிறாள். மூச்சு முட்ட முட்டப் பேசுகிறாள். பேசப் பேச அது படுக்கிறது. அவளும் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள். ஜப்பானியக் குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மிகத் திறமையான நடிகை. ஆனால் அது நடிப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழில் அப்படித் தெரியக்கூடாது.

அன்று சனிக்கிழமை. மதியம் லட்சுமணன் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அவளைக் கீழே இறக்கிவிட்டுப் போனார். சளி பிடித்திருந்தது. மூன்று மாடி ஏற வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்று, "அக்கா, இன்னிக்கு நக்கோ அக்கா, வேணாம். திங்கக்கிழமை பண்ணலாமா? நெஞ்சு கட்டியிருக்கு" என்றாள்.

நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. சொன்ன குரலைக் கேட்டேன். அது திங்கட்கிழமை இருக்காது. ஒருவேளை இனி எப்போதுமே இருக்காது. தொடர் முடிந்ததும் ஆரஞ்சைத் திரும்ப எடுக்க ஆரம்பித்துவிடுவாள், பெரிய பெண்ணாவாள், குரல் தடிக்கும்.

"கடைசி சீன் மட்டும்டா கண்ணு. நாலஞ்சு வரி. முடிச்சுட்டு நேரா டாக்டர்கிட்ட போயிடலாம், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அதை நான் உண்மையாகவே சொன்னேன்.

"சரி அக்கா" என்றாள்.

ஸ்ரீகாந்தை ஒரு கேபிள் வாங்கச் சிகந்தராபாத்துக்கு அனுப்பியிருந்தேன். ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை. சாம்பிராணிக் கப்பை அன்று நான் வெளியே எடுக்கவில்லை. காட்சியிலும் புகை இருக்கிறது, அவளுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் கையைத் தூக்கிக் காட்டினாள். நான் பொத்தானை அழுத்தி, "அப்படியே இருடா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். மூன்றாவது வரியில் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. திரையில் மினோகாவுக்கும் தோள் அப்படித்தான் ஏறி இறங்கியது. இரண்டையும் ஒரே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை மயிர் சிலிர்த்தது. இந்தத் தொழிலில் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாலும் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை, மேடம்.

நான் கதவைப் பூட்டவில்லை. அது முக்கியம். அவள் வெளியே வந்தாள். மூன்றாவது வரி முடிந்ததும் தானாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேசைமேலிருந்த நீல இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. குலுக்கி மறுபடி அழுத்தினாள். பிறகு அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலியாயிடுச்சா?" என்று கேட்டேன். "இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு. நான் தேடி எடுத்து வைக்கறேன், நீ போய் அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லிட்டு வா."

போனாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். ஆனால் நடந்தது அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். நான் இழுக்கவில்லை, தள்ளவில்லை, சத்தம் போடவில்லை. மைக்கின் முன்னால் நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "பயப்படாதே. நான் எங்கேயும் போகமாட்டேன்."

ஒரே டேக்.

இன்ஹேலரைப் பற்றி உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். லட்சுமணன் அதை முந்தைய நாள்தான் புதிதாக வாங்கிக் கொடுத்தாராம். புதியது எப்படிக் காலியானது என்று கேட்டார்கள். நான்தான் காலிசெய்தேன். அவள் வந்து சுவரில் சாய்ந்து நின்றாளே, அதன்பிறகு முகம் கழுவப் போனாள். அந்த நேரத்தில் பையிலிருந்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, காற்று மட்டும் வரும்வரை அழுத்தினேன். இல்லாவிட்டால் நடுவில் எடுத்துவிடுவாள், எல்லாம் வீணாகிவிடும். என்னிடம் இன்னொன்று இருக்கிறது என்று சொன்னதும் உண்மை இல்லை. என்னிடம் எப்போதுமே இன்னொன்று இருந்ததில்லை.

அவள் கீழே விழுந்த சத்தம் பதிவாகியிருக்கிறது. முதலில் நான் ஃபைலைச் சேமித்தேன். இன்னொரு பிரதி எடுத்தேன். அவசரத்தில் நல்ல டேக்குகள் அழிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை போட்டுக் கேட்டேன். அதன்பிறகு உள்ளே போய் அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்ரீகாந்த் வந்தபோது அப்படித்தான் இருந்தோம்.

"மேடம், எவ்வளவு நேரமாச்சு? ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?" என்று கத்தினான்.

மெதுவாகப் பேசச் சொன்னேன். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, உயிர் போய்விட்டது என்றார். லட்சுமணன் வேலை உடுப்போடு ஓடிவந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, "கடைசியா என்ன சொன்னா மேடம் என் பாப்பா? என்னைக் கேட்டாளா?" என்றார்.

"பயப்படாதே, நான் எங்கேயும் போகமாட்டேன்னு சொன்னா" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அதையே இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். அந்த ஆறுதலை அவருக்கு நான்தான் கொடுத்தேன். நீங்கள் எழுதுவதில் அதுவும் வரவேண்டும்.

அந்த ஃபைலின் முடிவில் சில நொடிகள் குறைகின்றன என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்ரீகாந்த் வருவதற்கு முன்னால் நான் செய்த ஒரே மாற்றம் அது. கடைசி வரி முடிந்து, அவள் கீழே விழுவதற்கு முன்னால், இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, இந்த ஊர்க்காரர்கள் 'ஏன்' என்பதற்குச் சொல்வார்களே, அப்படிக் கேட்டாள்.

"கைக்கு அக்கா?"

அதை வெட்டிவிட்டேன். மினோகா அப்படிப் பேசமாட்டாள்.